சிம்லிங்க் ஓட்டைகள்: மேசைக் கணினியில் தேடிப் பிடித்து அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் முகவரி எழுதும்போது புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் எழுதுவோம். எண் இரண்டானாலும் வீடு ஒன்றுதான். கணினியில் ஹார்டு லிங்க் என்பது அதுதான்: ஒரே கோப்புக்கு இரண்டு பெயர். சிம்லிங்க் வேறு வகை. "இந்த வீட்டுக்கு வரும் பார்சலை அடுத்த தெரு 14ஆம் எண்ணில் கொடுக்கவும்" என்று கேட்டில் தொங்கும் அட்டை அது. அட்டைக்குள் பொருள் எதுவும் இல்லை, ஒரு முகவரி மட்டும் இருக்கிறது. அந்த முகவரியில் வீடே இல்லாவிட்டாலும் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தத் தெருவின் எல்லா வீட்டுச் சாவியையும் வைத்திருக்கும் ஒருவர் பார்சல் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் யார் வேண்டுமானாலும் அட்டை மாட்டலாம். வந்தவர் அட்டையை நம்பி, அதில் உள்ள வீட்டைத் திறந்து, பழையதை வெளியே போட்டுவிட்டுப் பார்சலை வைத்துவிட்டுப் போகிறார். சிம்லிங்க் ஓட்டை என்பது முழுக்க முழுக்க இதுதான். குற்றம் அட்டையின் மேல் இல்லை. அதிக உரிமை உள்ள ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், குறைந்த உரிமை உள்ளவர் எழுதக்கூடிய ஃபோல்டருக்குள் வந்து, அங்கே இருக்கும் பெயரை நம்பி வேலை செய்வதுதான் குற்றம். கீழே லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் நாம் தேடப்போவது இந்த ஒரு சேர்க்கையைத்தான்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சோதனைகள் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணினியிலோ, அதைவிட நல்லது, ஒரு வர்ச்சுவல் மெஷினிலோ செய்யுங்கள். கல்லூரி லேப், அலுவலகக் கணினி, பிரவுசிங் சென்டர் எதுவானாலும் பொறுப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளுக்குள் வந்துவிடும்.

சரிபார்த்தலுக்கும் செயலுக்கும் நடுவே

சிம்லிங்க் 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்தது. விண்டோஸ் 2000இல் ஜங்ஷன் என்ற ஃபோல்டர் இணைப்பு வந்தது. விஸ்டாவில் முழுமையான சிம்லிங்க் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் இந்த ஓட்டைகள் தீராததற்குக் காரணம் இருக்கிறது. "இது சிம்லிங்க்கா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று எழுதப்பட்ட நிரல் பார்வைக்குச் சரியாகவே தெரியும். வாட்ச்மேன் கேட்டைப் பார்க்கிறார், அட்டை இல்லை. பார்சலை எடுக்கத் திரும்புகிறார். அந்த நொடியில் ஒருவர் அட்டையை மாட்டிவிடுகிறார். சரிபார்த்த நேரம் வேறு, பயன்படுத்திய நேரம் வேறு. பாதுகாப்பு வட்டாரத்தில் இதற்கு டாக்டூ என்று பெயர். பலவீனங்களுக்கான சிடபிள்யூஇ பட்டியலில் இணைப்பைப் பின்தொடரும் தவறு 59ஆம் எண், இந்த நேர இடைவெளித் தவறு 367ஆம் எண்.

அந்த இடைவெளி மில்லி நொடிகள்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2020 ஏப்ரலில் ராக்911 லேப்ஸ் வெளியிட்ட ஆய்வில் 28 ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் இதே முறையில் ஏமாந்தன. ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் தீயது என்று முடிவு செய்கிறது, பிறகு உயர் உரிமையோடு அழிக்கிறது. நடுவே அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டர் வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பாக மாறிவிட்டால், அழிவது ஆன்டிவைரஸின் சொந்தக் கோப்பாகவோ இயங்குதளத்தின் கோப்பாகவோ இருக்கும். பாதுகாக்க வந்த நிரலே கருவியாகிவிடுகிறது.

படி 1: லினக்ஸில் கெர்னல் காவலைச் சரிபாருங்கள்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. டெர்மினலில் சிஸ்சிடிஎல் என்று தட்டி, இடைவெளி விட்டு, எஃப்எஸ்.ப்ரொடெக்டட்_சிம்லிங்க்ஸ் என்று கொடுங்கள். விடை 1 என்று வர வேண்டும். அடுத்து ப்ரொடெக்டட்_ஹார்டுலிங்க்ஸ்; அதுவும் 1. இந்த இரண்டும் கெர்னல் 3.6இல், 2012இல் வந்தவை. ப்ரொடெக்டட்_ஃபிஃபோஸ், ப்ரொடெக்டட்_ரெகுலர் இரண்டும் 2018இன் 4.19 கெர்னலில் வந்தவை. அவற்றுக்கு 1 அல்லது 2 இருந்தால் நல்லது.

0 என்று வந்தால், /எட்சி/சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டருக்குள் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வரியாகப் பெயர், சமக்குறி, 1 என்று எழுதுங்கள். பிறகு சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம் கொடுத்தால் ரீபூட் இல்லாமலே அமலுக்கு வரும். சூடோ என்பது, எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கின் பெயரில் கட்டளையை ஓட்டுவது. அப்படி ஓர் அமைப்பே இல்லை என்று பிழை வந்தால் யூநேம் -ஆர் கொடுத்துக் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடு வந்த அரசு லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நிறுவிய நாளிலிருந்து அப்டேட்டே செய்யாதவை உண்டு. கெர்னல் 3.6க்கு முந்தையது என்றால் அமைப்பைத் தேடுவதில் பயனில்லை. புதிய பதிப்பை ஏற்றுவதுதான் வழி.

படி 2: காவல் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பாருங்கள்

/டெம்ப் ஃபோல்டரின் அனுமதி எண் 1777. யாரும் எழுதலாம், முன்னால் உள்ள 1 என்பது ஸ்டிக்கி பிட், அதாவது ஒருவர் வைத்த கோப்பை இன்னொரு சாதாரண பயனர் அழிக்க முடியாது. இப்படிப்பட்ட ஃபோல்டருக்குள் இருக்கும் சிம்லிங்க்கை, அதை உருவாக்கியவரே தொடர்ந்தால் கெர்னல் விடும்; இணைப்பின் உரிமையாளரும் ஃபோல்டரின் உரிமையாளரும் ஒருவராக இருந்தாலும் விடும். மற்றபடி யார் வந்தாலும் மறுக்கும். ரூட் வந்தாலும் மறுக்கும்.

சோதித்துப் பாருங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டரில் சோதனை என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி அதில் ஒரு வரி எழுதுங்கள். தமிழ்ப் பெயரே வைக்கலாம், லினக்ஸ் ஏற்கும். பிறகு எல்என் -எஸ் ~/சோதனை /டெம்ப்/அட்டை. இப்போது, கோப்பைப் படித்துக் காட்டும் கேட் கட்டளையால் கேட் /டெம்ப்/அட்டை கொடுத்தால் வரி தெரியும். அடுத்து சூடோ கேட் /டெம்ப்/அட்டை. ரூட்டுக்கே "பர்மிஷன் டினைட்" வரும். முதல் தடவை இதைப் பார்க்கும்போது பலர் கணினியில் கோளாறு என்று நினைப்பார்கள். காவல் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: இலக்கை முழுப் பாதையாகக் கொடுக்காமல் வெறும் "சோதனை" என்று கொடுப்பது. சிம்லிங்க்குக்குள் இருக்கும் சார்புப் பாதை, நீங்கள் நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படாது; இணைப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்தே கணக்கிடப்படும். /டெம்ப்/சோதனை என்று ஒன்று இல்லாததால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும், சோதனையும் தவறான விடை தரும்.

இப்போது முக்கியமான பாதி. ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் அதே இணைப்பை வைத்து, சூடோ கேட் கொடுங்கள். எந்த மறுப்பும் இல்லாமல் படித்துக் காட்டும். ஏனென்றால் அந்த ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் இல்லை, எல்லாரும் எழுதும் ஃபோல்டரும் இல்லை. கெர்னல் காவல் /டெம்ப், /வார்/டெம்ப் போன்ற இடங்களுக்கு மட்டுமே. நடைமுறையில் நாம் பார்க்கும் லினக்ஸ் ஓட்டைகளில் கவலை தருபவை இந்த எல்லைக்கு வெளியே இருப்பவைதான். சோதனை முடிந்ததும் இணைப்புகளை ஆர்எம் கொடுத்து நீக்குங்கள். ஆர்எம் அட்டையை மட்டும் கழற்றும், வீட்டைத் தொடாது.

படி 3: ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுகளைத் தேடுங்கள்

தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர், ஒரே லினக்ஸ் சர்வர், இரவு 11 மணிக்கு ரூட் பெயரில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரையும் ஒரு பொது பேக்கப் இடத்துக்கு நகல் எடுக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதியவர் "இணைப்பெல்லாம் உடைந்துபோகிறது" என்று சிபி கட்டளையில் -எல் பெரிய எழுத்தைச் சேர்த்துவிட்டார். அதாவது இணைப்பு காட்டும் உண்மையான கோப்பை நகலெடு என்று பொருள். ஒரு ஊழியர் தன் ஃபோல்டரில் /எட்சி/ஷேடோ கோப்பைக் காட்டும் ஒரு சிம்லிங்க் வைத்தால் போதும். மறுநாள் காலை எல்லாருடைய கடவுச்சொல்லின் மறைகுறி வடிவமான ஹேஷும் பேக்கப் ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை ஊழியர்கள் படிக்க முடிந்தால் கதை முடிந்தது. கெர்னல் காவல் இங்கே உதவாது.

ஆகவே சூடோ க்ரான்டேப் -எல் கொடுத்து ரூட்டின் வேலைகளைப் பட்டியலிடுங்கள். /எட்சி/கிரான்.டி, /எட்சி/கிரான்.டெய்லி ஃபோல்டர்களையும், சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் காட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் தேட வேண்டியவை: சிபி -எல், ஆர்சிங்க் -எல் பெரிய எழுத்து, டார் -எச் ஆகிய "பின்தொடர்" விருப்பங்கள், பயனர் ஃபோல்டருக்குள் சிஹெச்ஓன், சிஹெச்மாட், /டெம்ப்/பேக்கப்.லாக் போன்ற நிலையான தற்காலிகப் பெயர்கள்.

பேக்கப்புக்கு ஆர்சிங்க் -ஏ போதும். அது இணைப்பை இணைப்பாகவே நகலெடுக்கும். நகலெடுக்கும் ஃபோல்டருக்கு வெளியே போகும் இணைப்புகளே வேண்டாம் என்றால் --சேஃப்-லிங்க்ஸ் சேருங்கள். உரிமையாளரை மாற்றும்போது சிஹெச்ஓன் -எச் கொடுத்தால் இணைப்பின் உரிமை மாறும், இலக்கு தப்பும். ஆனால் உண்மையான தீர்வு அதைவிட எளிது: பயனரின் ஃபோல்டரில் செய்யும் வேலையை அந்தப் பயனராகவே செய்யுங்கள். சூடோ -யூ கொடுத்து அவர் பெயரில் நகலெடுத்தால், /எட்சி/ஷேடோவைக் காட்டும் அட்டையை எத்தனை மாட்டினாலும் அவருக்கே அனுமதியில்லாத கோப்பு அவருக்காகத் திறக்காது.

ஒரு பாதையில் எந்தக் கட்டத்தில் யார் எழுதலாம் என்று அறிய நேம்ஐ -எல் மிக நல்ல கருவி. முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அனுமதி, உரிமையாளர், குழு ஆகியவற்றை வரிவரியாகக் காட்டும். நடுவே சிம்லிங்க் இருந்தால் எல் என்ற எழுத்தோடு அதையும் விரித்துக் காட்டும். கடைசிக் கோப்பு ரூட்டுடையது என்று திருப்தி அடையாதீர்கள். நடுவில் ஒரு ஃபோல்டர் சாதாரணப் பயனருடையதாக இருந்தால், அவர் கீழே உள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு அந்த இடத்தில் இணைப்பை வைக்கலாம்.

பயனர் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கும் கோப்பைத் திருத்த சூடோ விஐ பயன்படுத்தாதீர்கள். சூடோஎடிட் இருக்கிறது. அதிலும் 2015இல் சிவிஇ-2015-5602 (சிவிஇ என்பது வெளியான ஓட்டைகளுக்குத் தரப்படும் அடையாள எண்) என்ற சிம்லிங்க் ஓட்டை வந்து, 1.8.15 பதிப்பிலிருந்து அது இயல்பாகச் சிம்லிங்க்கைத் தொடராமல் மாற்றப்பட்டது. அலுவலகத்தில் சாம்பா வழியாக ஃபோல்டர் பகிர்ந்தால், அதன் அமைப்புக் கோப்பில் வைட் லிங்க்ஸ் "நோ" என்றே இருக்கட்டும். இயல்பு அதுதான்; "ஷேரில் இணைப்பு திறக்கவில்லை" என்று யாராவது புகார் சொல்ல, அதற்காக "எஸ்" ஆக்கிவிட்டு மறந்துபோன சர்வர்கள்தான் பிரச்சினை.

டெஸ்க்டாப் லினக்ஸில் இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற உதாரணம் நிம்பஸ்பவுன். 2022 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நெட்வொர்க்டி-டிஸ்பாட்சர் என்ற சிறிய சர்வீஸில் கண்டது. பாதைக் குழப்பம், சிம்லிங்க், நேர இடைவெளி மூன்றையும் கோர்த்தால் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சிறிய தவறுகள்.

படி 4: விண்டோஸில் சிம்லிங்க்கைவிட ஜங்ஷனுக்கு அஞ்சுங்கள்

விண்டோஸில் சிம்லிங்க் உருவாக்க இயல்பாக அட்மின் உரிமை வேண்டும். ஆகவே விண்டோஸ் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜங்ஷன் உருவாக்க எந்த உரிமையும் வேண்டாம். தனக்கு எழுத அனுமதியுள்ள ஒரு காலி ஃபோல்டர் போதும்.

சாதாரணப் பயனராக கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, சி டிரைவில் சோதனை என்ற ஃபோல்டரும் அதற்குள் அசல் என்ற ஃபோல்டரும் உருவாக்குங்கள். எம்கேலிங்க் /டி கொடுத்துப் பாருங்கள்: போதிய உரிமை இல்லை என்று மறுக்கும். அடுத்து எம்கேலிங்க் /ஜே சி:\சோதனை\அட்டை சி:\சோதனை\அசல் என்று கொடுங்கள். உடனே உருவாகும். டிர் /ஏஎல் சி:\சோதனை கொடுத்தால் ஜங்ஷன் என்ற அடையாளத்தோடு, சதுர அடைப்புக்குறிக்குள் இலக்குப் பாதையும் தெரியும். நீக்கும்போது ஆர்டி சி:\சோதனை\அட்டை என்று மட்டும் கொடுங்கள். டெல் கட்டளையில் நட்சத்திரம் போட்டு ஜங்ஷனுக்குள் அழித்தால், அசல் ஃபோல்டரில் உள்ள கோப்புகள் போய்விடும். வேலை நாளில் பலர் தரவை இழப்பது இப்படித்தான்.

எம்கேலிங்க் /டி உங்களுக்கு மறுக்காமல் வேலை செய்தால், டெவலப்பர் மோட் இயக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து அந்த மோடில் யாரும் சிம்லிங்க் உருவாக்கலாம். ஹூஅமை /ப்ரிவ் கொடுத்துப் பார்த்தால் சிம்லிங்க் உரிமை பட்டியலில் இருக்காது, ஆனாலும் வேலை செய்யும். ஆகவே அந்தக் கட்டளையை மட்டும் நம்பாமல் செட்டிங்ஸில் டெவலப்பர் பகுதியையும் பாருங்கள். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் அதை அணைத்து வையுங்கள்.

சிம்லிங்க் உரிமை இல்லாமலே ஒரு தனிக் கோப்பின் பெயரை வேறிடத்துக்குத் திருப்ப ஒரு வழி உண்டு. கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவில் இருந்த ஜேம்ஸ் ஃபார்ஷா விரிவாக விளக்கியது அது. விண்டோஸின் உள்ளே ஆப்ஜெக்ட் மேனேஜர் என்ற தனிப் பெயர்வெளி இருக்கிறது. அங்கே சாதாரணப் பயனரும் எழுதக்கூடிய ஒரு பகுதிக்கு ஜங்ஷனைத் திருப்பி, அங்கே ஒரு உள்ளிணைப்பை வைத்தால், இரண்டும் சேர்ந்து அட்மின் இல்லாத சிம்லிங்க் ஆகிவிடும். நேர இடைவெளியும் அதிர்ஷ்டத்தை நம்பி இல்லை: ஆப்லாக் என்ற பூட்டைக் கோப்பில் போட்டால், உயர் உரிமை ப்ராசஸ் அதைத் தொடும் கணத்தில் நின்றுவிடும், அட்டையை நிதானமாக மாற்றிவிட்டுப் பூட்டை விடலாம். இதனால்தான் "அந்த இடைவெளியில் முந்தும் ரேஸில் ஜெயிப்பது கடினம்" என்ற வாதம் விண்டோஸில் செல்லாது.

"அழிக்க மட்டும்தானே முடியும், எழுத முடியாதே" என்ற சமாதானமும் செல்லாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் தோல்வியடைந்த நிறுவலைத் திரும்பப்பெறும்போது பயன்படுத்தும் கான்ஃபிக்.எம்எஸ்ஐ ஃபோல்டரை அழிக்க வைக்க முடிந்தால், அதை வைத்தே விண்டோஸின் உச்ச உரிமையான சிஸ்டம் உரிமை வரை போகலாம் என்று 2022இல் ஜீரோ டே இனிஷியேட்டிவ் விளக்கியது.

படி 5: ஐநெட்பப் ஃபோல்டரும் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியலும்

2025 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு சி டிரைவில் ஐநெட்பப் என்ற காலி ஃபோல்டர் முளைத்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். வைரஸ் என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. அது சிவிஇ-2025-21204க்கான பாதுகாப்பின் ஒரு பகுதி. விண்டோஸ் அப்டேட்டின் ஒரு பகுதி இணைப்பைத் தவறாகத் தொடர்ந்த ஓட்டை. வெப் சர்வர் பயன்படுத்தாவிட்டாலும் இதை அழிக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அழித்திருந்தால், கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸைத் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டர் சரியான அனுமதிகளோடு மீண்டும் வரும். பிறகு அந்த வசதியை நீக்கினாலும் ஃபோல்டர் இருக்கும். நீங்களே ரைட் கிளிக் செய்து புது ஃபோல்டர் உருவாக்கிப் பெயர் வைப்பது சரியில்லை. அதன் உரிமையாளர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

இந்தச் சம்பவத்தின் உள்ளே ஒரு பாடம் இருக்கிறது. சி டிரைவின் வேரிலும் ப்ரோக்ராம்டேட்டாவுக்குள்ளும் சாதாரணப் பயனர் புதிய ஃபோல்டர் உருவாக்கலாம். உயர் உரிமை சர்வீஸ் நாளை தேடப்போகும் ஃபோல்டர் இன்று இல்லையென்றால், முந்திக்கொண்டு உருவாக்குபவரே அதன் சொந்தக்காரர். காலியிடத்தில் முதலில் வேலி போடுபவர் போல.

ஆகவே அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐகேக்கல்ஸ் சி:\ப்ரோக்ராம்டேட்டா\நட்சத்திரம் என்று கொடுத்து, யூசர்ஸ், எவ்ரிஒன், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் ஆகிய பெயர்களுக்கு எதிரே எஃப் அல்லது எம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் முழு உரிமை, எம் மாற்றும் உரிமை. பிரிண்டர் டிரைவர், மதர்போர்டு கருவி, அப்டேட்டர் போன்றவற்றின் ஃபோல்டர்களில் இதை அடிக்கடி காணலாம். எழுதும் உரிமை இருப்பது மட்டுமே ஓட்டை ஆகாது. அங்கே சிஸ்டம் உரிமையோடு ஒருவர் வந்து போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவி. இன்டெக்ரிட்டி என்பது சிஸ்டம், பாத் என்பது சி:\ப்ரோக்ராம்டேட்டா என்று தொடங்குவது என்று இரண்டு ஃபில்டர் போடுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து, அந்த மென்பொருளின் அப்டேட், ஸ்கேன், ரிப்பேர் மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். நிறுவி சரிசெய்யும் ரிப்பேர் பொத்தானை விட்டுவிடாதீர்கள். ஓட்டைகள் அங்கே ஒளிந்திருக்கும். ஆபரேஷன் பத்தியில் செட்டிஸ்பொசிஷன், செட்ரீநேம், செட்செக்யூரிட்டி என்று தொடங்குபவை அழித்தல், நகர்த்தல், அனுமதி மாற்றல். டீட்டெயில் பத்தியில் இம்பர்சனேட்டிங் என்று பயனர் பெயர் இருந்தால் சர்வீஸ் அந்தப் பயனரின் உரிமையோடுதான் செய்கிறது, நல்லது. அது இல்லாமல் சிஸ்டமாகவே பயனர் எழுதும் ஃபோல்டரில் அழித்தால் அல்லது அனுமதி மாற்றினால், ஓட்டைக்கான மூன்று பாகமும் ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

ஏசிஎல்லை இறுக்கும் முன் ஐகேக்கல்ஸ் ஃபோல்டர் /சேவ் கோப்பு /டி என்று பழைய நிலையைச் சேமியுங்கள். திரும்பப்பெறும்போது /ரீஸ்டோர் அந்த ஃபோல்டரின் மேல் அல்ல, அதன் மேல் ஃபோல்டரில் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் "கோப்பு இல்லை" என்று வரும். பிறகு சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டுக்கும் முழு உரிமை, யூசர்ஸுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் என்று மாற்றுங்கள். சில மென்பொருள்கள் பயனர் பெயரில் அமைப்புகளை அங்கே எழுதும். அவை தொடங்கும்போது பிழை காட்டும். அப்படியானால் எழுதும் துணை ஃபோல்டரை மட்டும் திறந்துவிட்டு, தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.

விண்டோஸ் 11இல் ரீடைரக்ஷன் கார்டு என்ற தடுப்பு இருக்கிறது. அட்மின் அல்லாதவர் உருவாக்கிய ஜங்ஷனைப் பின்தொடர மாட்டேன் என்று ஒரு ப்ராசஸ் தானே ஏற்றுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, ஏற்காத மென்பொருளுக்குப் பொருந்தாது. விண்டோஸ் 10க்கு இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்பு அப்டேட் இல்லாத கணினியில் இனி வரும் ஓட்டைகள் அடைபடாது.

படி 6: மேக்

மேக்கில் /டெம்ப், /வார், /எட்சி மூன்றுமே சிம்லிங்க்குகள். உண்மையான இடம் /ப்ரைவேட்டுக்குள் இருக்கிறது. பாதையை எழுத்தாக ஒப்பிடும் ஸ்கிரிப்ட் இங்கே தடுமாறும். நிறுவும் பிகேஜி கோப்புகளின் உள்ளே ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கும். பிகேஜியூட்டில் --எக்ஸ்பேண்ட் கொடுத்துப் பிரித்து, ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் /டெம்ப் என்ற சொல்லைத் தேடுங்கள். நிலையான பெயரில் எழுதினால் அந்த நிறுவியைப் பகிர்ந்த கணினியில் ஓட்டாதீர்கள்.

மேக்கில் ரூட் ஆவதைவிட, தனியுரிமைக் காவலான டிசிசியைத் தாண்டுவதற்குச் சிம்லிங்க் பயன்படுகிறது. ஜாம்ஃப் ஆய்வாளர்கள் கண்ட சிவிஇ-2024-44131 அப்படிப்பட்டது. கோப்பு நகரும் நடுவில் இணைப்பைச் செருகி, பயனரிடம் கேட்காமலே தரவை எடுக்கலாம். மேக்ஓஎஸ் 15இல் சரிசெய்யப்பட்டது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை அணையுங்கள்.

படி 7: ஜிப், டார், கிட்

இந்தப் பகுதி எல்லாருக்கும் பொருந்தும். ஆர்க்கைவுக்குள் முதல் உருப்படி வெளியே எங்கோ காட்டும் சிம்லிங்க். இரண்டாம் உருப்படி அந்த இணைப்பின் வழியாக எழுதும் கோப்பு. பிரித்த கணத்தில் கோப்பு நீங்கள் தேர்ந்த ஃபோல்டரில் இல்லாமல் வேறு இடத்தில் விழும்.

செவன்-ஜிப் 25.00, 2025 ஜூலையில் சிவிஇ-2025-11001ஐச் சரிசெய்தது; அடுத்த மாதமே 25.01 இன்னொரு சிம்லிங்க் ஓட்டையை அடைத்தது. செவன்-ஜிப் தானாக அப்டேட் ஆகாது. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்யும்போது பென் டிரைவிலிருந்து ஏற்றிய பதிப்பு நாலைந்து வருடம் அப்படியே இருக்கும். ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து எண்ணைப் பாருங்கள், 25.01க்குக் கீழே என்றால் இன்றே மாற்றுங்கள். வின்ரார் 7.11க்கு முந்தைய பதிப்புகளில், சிம்லிங்க் வழியாக நிரலைத் திறந்தால் "இணையத்திலிருந்து வந்தது" என்ற விண்டோஸ் எச்சரிக்கை வராது.

மாணவர்கள் வாட்ஸ்அப்பிலும் டிரைவிலும் பகிரும் ப்ராஜெக்ட் ஆர்க்கைவைப் பிரிக்கும் முன் உள்ளே பாருங்கள். டார் -டிவிஎஃப் கொடுத்தால் எல் என்று தொடங்கும் வரிகள் சிம்லிங்க். அம்புக்குறிக்குப் பின்னால் இலக்கு தெரியும். ஜிப் என்றால் ஜிப்இன்ஃபோ. இலக்கு சாய்கோட்டில் தொடங்கினாலோ இரட்டைப் புள்ளிகள் இருந்தாலோ பிரிக்க வேண்டாம்.

நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியில் 2.45.1க்கு முன், துணைத் தொகுப்புகளோடு க்ளோன் செய்தாலே நிரல் ஓடிவிடும் சிவிஇ-2024-32002 இருந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காத விண்டோஸ், மேக் கோப்பு முறைமைகளில்தான் அது வேலை செய்யும். கிட் --வெர்ஷன் பாருங்கள். உடனே மாற்ற முடியாவிட்டால் கோர்.சிம்லிங்க்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

படி 8: நிரல் எழுதுபவர்களுக்கு

பாதையை ஒரு முறை திறந்து, பிறகு கைப்பிடியை மட்டும் பயன்படுத்துங்கள். பெயரால் சரிபார்த்து, பெயரால் திறந்து, பெயரால் அனுமதி மாற்றினால் மூன்று தடவையும் மூன்று வெவ்வேறு கோப்பாக இருக்கலாம். திறந்த கைப்பிடியில் எஃப்ஸ்டாட், எஃப்சிஹெச்ஓன், எஃப்சிஹெச்மாட் அழையுங்கள்.

தற்காலிகக் கோப்புக்கு எம்கேஎஸ்டெம்ப். ஷெல்லில் எம்கேடெம்ப் -டி. புதிய கோப்பை ஓ_க்ரியேட்டோடு ஓ_எக்ஸ்சிஎல் சேர்த்துத் திறந்தால் அங்கே சிம்லிங்க் இருந்தாலும் தொடராது, தோல்வியடையும். ஓ_நோஃபாலோ பலரை ஏமாற்றும் கொடி. பாதையின் கடைசித் துண்டை மட்டுமே அது காக்கும். நடுவில் உள்ள ஃபோல்டர் சிம்லிங்க்காக இருந்தால் கண்டுகொள்ளாது. லினக்ஸ் 5.6இலிருந்து ஓபன்அட்2 இருக்கிறது: ரிசால்வ்_நோ_சிம்லிங்க்ஸ் எங்குமே விடாது, ரிசால்வ்_பினீத் கொடுத்த ஃபோல்டருக்கு வெளியே போக விடாது. மேக்கில் ஓ_நோஃபாலோ_எனி. "டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்" என்ற பிழை வந்தால் இணைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று தேடாதீர்கள். பெரும்பாலும் இந்தக் கொடிகள் தங்கள் வேலையைச் செய்ததன் அடையாளம் அது.

பைத்தானில் டார்ஃபைல் பயன்படுத்தினால் ஃபில்டர் என்பதற்கு டேட்டா கொடுங்கள், 3.12இல் வந்தது, 3.14இல் இயல்பானது. 2025இல் இந்த ஃபில்டரையே தாண்டும் சிவிஇ-2025-4517 வந்ததால் பைத்தானின் திருத்தப் பதிப்பும் சமீபத்தியதாக இருக்கட்டும். ஷூட்டில்.ஆர்எம்ட்ரீ பாதுகாப்பானதா என்பது தளத்தைப் பொறுத்தது; அதன் அவாய்ட்ஸ்_சிம்லிங்க்_அட்டாக்ஸ் என்ற பண்பு லினக்ஸில் ட்ரூ, விண்டோஸில் ஃபால்ஸ். ரஸ்ட் மொழியின் ரிமூவ்_டிர்_ஆலிலும் இதே நேர இடைவெளித் தவறு இருந்து, 2022 ஜனவரியில் 1.58.1இல் சரியானது. நினைவகப் பாதுகாப்புள்ள மொழி கோப்புப் பெயரைக் காப்பாற்றாது.

விண்டோஸ் சர்வீஸ் எழுதினால், பயனர் ஃபோல்டரைத் தொடும் முன் அந்தப் பயனராக இம்பர்சனேட் செய்யுங்கள். ப்ரோக்ராம்டேட்டாவில் உங்கள் ஃபோல்டரை நிறுவும்போதே கறாரான ஏசிஎல்லோடு உருவாக்குங்கள்; முன்பே இருந்தால் உரிமையாளர் யார் என்று பாருங்கள், சாதாரணப் பயனர் என்றால் நிறுவலை நிறுத்துங்கள். லினக்ஸ் சர்வீஸுக்கு சிஸ்டம்டி கோப்பில் ப்ரைவேட்டெம்ப் என்பதை எஸ் ஆக்கினால் அதற்கென்று தனி /டெம்ப் கிடைக்கும். ஒரே வரிதான்.

படி 9: யாராவது முயன்றார்களா என்று பார்ப்பது

லினக்ஸில் ஆடிட்டி என்ற தணிக்கைப் பதிவு சர்வீஸ் ஓடினால், கெர்னல் மறுத்த ஒவ்வொரு சிம்லிங்க்கும் அனாம்_லிங்க் என்ற பெயரில் பதிவாகும். ஏயூசர்ச் -எம் அனாம்_லிங்க் கொடுத்தால் எந்த ப்ராசஸ், எந்தப் பாதை என்று தெரியும். ஒரே பெயர் அடிக்கடி வந்தால் இரண்டில் ஒன்று: யாரோ முயல்கிறார்கள், அல்லது உங்கள் ஸ்கிரிப்டே /டெம்ப்பை முறையின்றிப் பயன்படுத்துகிறது. ரூட் ஸ்கிரிப்ட், பயனர் ஏற்கெனவே உருவாக்கிய /டெம்ப் கோப்பில் எழுதப்போய் மறுக்கப்பட்டால் அது ப்ரொடெக்டட்_ரெகுலரின் வேலை. அப்போது அமைப்பை 0 ஆக்கிவிடச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் கிடைக்கும். அதைச் செய்யாமல் ஸ்கிரிப்டில் எம்கேடெம்ப் போடுங்கள்.

விண்டோஸில் டிர் /ஏஎல் /எஸ் சி:\ கொடுத்து வரும் பட்டியலை, புதிதாக நிறுவிய நாளிலேயே ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். மாதம் ஒரு முறை மீண்டும் எடுத்து எஃப்சி கட்டளையால் ஒப்பிடுங்கள். டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், ஆல் யூசர்ஸ் போன்ற இணைப்புகள் விண்டோஸே வைத்தவை. அழித்தால் பழைய மென்பொருள்கள் தடுமாறும். புதிதாகத் தெரிவது ப்ரோக்ராம்டேட்டாவுக்குள் இருந்து, இலக்கு விண்டோஸ் ஃபோல்டராகவோ மேலே சொன்ன ஆப்ஜெக்ட் மேனேஜர் பகுதியாகவோ இருந்தால், உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் டிர் /க்யூ கொடுத்து உரிமையாளரைக் குறித்துக்கொள்ளுங்கள், உருவான நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணினியை வலைப்பின்னலிலிருந்து பிரியுங்கள். நிறுவனக் கணினி என்றால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மென்பொருளில் புதிய ஓட்டையையே கண்டிருந்தால், ப்ராசஸ் மானிட்டரின் பதிவு, மென்பொருள் பதிப்பு எண், ஃபோல்டரின் ஐகேக்கல்ஸ் விடை ஆகிய மூன்றையும் சேர்த்து முதலில் தயாரிப்பாளருக்கும், அங்கே பதில் இல்லையென்றால் செர்ட்-இன்னுக்கும் அனுப்புங்கள்.